தானோட்டி

வடசென்னையில் திருவொற்றியூரை ஒட்டி விளங்கும் காலடிப்பேட்டை, நெசவாளர்கள் குடியேறிய பழைய ஊராகும். 1717 முதல் 1720 வரை சென்னையின் ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் என்பவரின் பெயரால் அமைந்த ‘காலெட் பேட்டை’ என்பதே, மக்கள் நாவில் காலடிப்பேட்டை எனத் திரிந்தது. அவ்வூர் மாணவன் ஒருவன், தன் வீட்டுக் கணிப்பொறியில் விமானம் ஓட்டிப் பழகுகின்றான் என்று கொள்வோம். திரையிலே மீனம்பாக்கத்தில் எழும்பிய விமானம் கடலோரமாக வடக்கு நோக்கிப் பறக்கின்றது. 5,000 அடி உயரத்தை எட்டியதும் அவன் தானோட்டியை இயக்கிவிட்டுக் கைகளை எடுக்கின்றான். சிறிது நேரத்தில் எச்சரிக்கை மணி ஒலிக்கின்றது, தானோட்டி விலகிவிட்டது, விமானத்தின் மூக்கு தாழ்கின்றது. இதற்குக் காரணம் யாது?

ஆட்டோபைலட் எனப்படும் தானோட்டி, விமானத்தைக் குறித்த திசையிலும் உயரத்திலும் தானே செலுத்தும் கருவியாகும். விரைந்து சுழலும் பம்பரம் தன் அச்சின் திசையை எளிதில் மாற்றிக்கொள்வதில்லை. இவ்வியல்பைக் கொண்டு லாரன்ஸ் ஸ்பெர்ரி என்னும் அமெரிக்க இளைஞர், விமானத்தைச் சாயாது நிறுத்தும் பொறி ஒன்றை இயக்கினார். 1914-ஆம் ஆண்டு பாரிஸ் நகருக்கு அருகே, தம் இரு கைகளையும் உயர்த்தியபடி விமானத்தில் பறந்து காட்டிக் கண்டோரை வியக்கச் செய்தார்.

தானோட்டி விலகுவது எப்போதும் பழுதன்று. மனிதன் பொறுப்பேற்க விரும்பும்போது அது தடை செய்தலாகாது. ஆதலின், ஓட்டுநர் இயக்குகோலை ஓரளவு வலிந்து அசைத்தால் விலகும்படி பல தானோட்டிகள் அமைக்கப்பட்டுள்ளன. விமானத்தின் வேகம் மிகக் குறைந்து, இறக்கைகள் தாங்கும் ஆற்றலை இழக்கும் நிலையிலும், மின்னோட்டம் தடைப்பட்ட நிலையிலும் அது விலகுதல் உண்டு.

வீட்டுப் பொறியில் பெரும்பாலும் குற்றவாளியாவது இயக்குகோலே. அதனுள் தூசி படிந்தாலும், கடற்காற்றின் உப்பால் இணைப்புகள் அரிக்கப்பட்டாலும், யாரும் தொடாதபோதே ‘கை அசைந்தது’ என்னும் பொய்ச் செய்தியை அது கணிப்பொறிக்கு அனுப்பும். தானோட்டி அதனை மெய்யென நம்பி விலகும். ஒரே பொத்தானுக்கு இரண்டு வேலைகள் குறிக்கப்பட்டிருத்தல் மற்றொரு காரணம். விளக்கேற்ற அழுத்திய பொத்தான், தானோட்டியையும் விலக்கிவிடும்.

தறியில் இழை அறுந்தால் நெசவாளர் பாவு முழுவதையும் அவிழ்ப்பதில்லை. அறுந்த இடத்தைத் தேடி முடிச்சிடுகின்றார். இங்கும் அதுவே முறை. முதலில் இயக்குகோலின் இணைப்பை எடுத்துவிட்டு, விசைப்பலகையைக் கொண்டே தானோட்டியை இயக்கிப் பார்த்தல் வேண்டும். அது விலகாது நின்றால் குறை கோலில் உள்ளது அல்லது அதன் பொத்தான்களில் உள்ளது எனத் தெளியலாம். பின்னர்க் கோலை மீண்டும் இணைத்து, அதன் நடுநிலையைத் திருத்தி, நடுவில் நிகழும் சிற்றசைவுகளைப் பொறி பொருட்படுத்தாதவாறு அமைத்தல் வேண்டும். பொத்தான்களுக்குரிய வேலைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். கோலை நீக்கிய பின்னும் தானோட்டி விலகுமாயின், வேகத்தையும் மின்னோட்டத்தையும் ஆராய்தல் வேண்டும். ஒரு முறைக்கு ஒரு மாற்றமே செய்க. பலவற்றை ஒருங்கே மாற்றினால், குறை நீங்கினும் காரணம் விளங்காது.

இவ்வளவும் விளையாட்டுத்தானே என்று எண்ணுவோர் 1972-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள் இரவில் நிகழ்ந்ததை அறிதல் நலம். அமெரிக்காவில் மயாமி நகருக்கு அருகே, ஈஸ்டர்ன் நிறுவனத்தின் 401 எண்ணுள்ள விமானம் 2,000 அடி உயரத்தில் தானோட்டியால் பறந்துகொண்டிருந்தது. முன்சக்கரம் இறங்கியதைக் காட்டும் சிறு விளக்கு எரியவில்லை. விமானிகள் அனைவரும் அவ்விளக்கிலேயே கருத்தூன்றினர். அந்நேரத்தில் இயக்குகோல் சற்றே அழுத்தப்பட்டதால், உயரத்தைக் காக்கும் அமைப்பு விலகியதென்று கருதப்படுகின்றது. 250 அடி தாழ்ந்ததும் ஒலித்த எச்சரிக்கை எவர் கருத்தையும் ஈர்க்கவில்லை. மெல்ல மெல்லத் தாழ்ந்த விமானம் சதுப்பு நிலத்தில் வீழ்ந்தது. அதிலிருந்த 176 பேரில் ஏறத்தாழ நூறு பேர் மாண்டனர். சிறு விளக்கு ஒன்றைப் பார்த்தவர்கள், விமானத்தைப் பார்க்க மறந்தனர்!

ஆகவே மணி ஒலித்தவுடன் மாணவன் செய்ய வேண்டியது காரணம் தேடுவதன்று. கோலைப் பற்றி, இறக்கைகளைச் சமன்செய்து, உயரத்தையும் வேகத்தையும் காத்தலே முதற்கடமை. காரணத்தைப் பின்னர் அமைதியாகத் தேடலாம். திரையில் வீழும் விமானத்தால் எவர்க்கும் தீங்கில்லை. ஆனால் அங்குப் படியும் பழக்கம், நாளை மெய்யான விமானத்திலும் உடன்வரும். ‘பதறாத காரியம் சிதறாது’ என்பர் பெரியோர். கருவி உதவி செய்யும்; விழிப்பு மனிதனுடைய கடமையாகும்.