செல்லில் படம் வரையும் பிள்ளைகள்: அம்மாக்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை



சென்ற ஆண்டு ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு, கடன் தவணை எல்லாம் எழுதி முடித்து, தீர்மான நோட்டில் கையெழுத்து வாங்கும் நேரம். ஓர் உறுப்பினர் அழாத குறையாகப் பேசினார். "மேடம், எம் மக பதினொண்ணாவது படிக்கிறா. ராத்திரி பதினோரு மணி வரைக்கும் செல்லை வெச்சு நோண்டிக்கிட்டே இருக்கா. கேட்டா படம் வரையுறேங்கிறா. யார் யாரோ மெசேஜ் போடுறாங்க. பயமா இருக்கு."

நாங்களும் சட்டென்று, "முதல்ல போனை வாங்கி வைங்க" என்று சொல்லிவிட்டோம். அவரும் வாங்கி வைத்துவிட்டார். அந்தப் பெண் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லையாம். மூன்று வாரம் கழித்து நாங்கள் அவர்கள் வீட்டுக்குப் போனோம். அம்மா போனை எடுத்துக் கொடுக்க, மகள் ஒரு படத்தைக் காட்டினாள். ஜப்பான் கார்ட்டூன் கதையில் வரும் ஒரு பையனின் படம். அதன் மேல் யாரோ சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள். "யாரும்மா உன் படத்தைக் கிறுக்கி வெச்சது?" என்று கேட்டோம். அவள் சிரித்தாள். "கிறுக்கல மேடம். கை அளவு தப்பா இருந்துச்சு. நான்தான் திருத்தித் தரச் சொல்லிக் கேட்டேன்" என்றாள்.

அன்றுதான் எங்களுக்கு ஒன்று புரிந்தது. என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளாமலேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறோம். பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறோம். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம்.

ரசிகர் ஓவியம் என்றால் என்ன?

ஆட்டோவின் பின்னால் சினிமா நடிகரின் படத்தை வரைந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். யாரும் சொல்லாமல், பிரியத்தினால் வரைவது. அதேபோல, தனக்குப் பிடித்த கதையிலோ கார்ட்டூனிலோ வரும் பாத்திரத்தைத் தன் கையால் வரைவதுதான் ரசிகர் ஓவியம். இப்படி வரைபவர்கள் உலகம் முழுவதும் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து, ஒருவர் படத்தை ஒருவர் பார்த்து, குறை நிறை சொல்லி, தொழில் கற்றுக்கொள்கிறார்கள்.

இது அதிகமாக வளர்ந்த நாடு ஜப்பான். அங்கே சித்திரக் கதைக்கு 'மங்கா' என்று பெயர். ரசிகர்கள் சிறுசிறு குழுக்களாகச் சேர்ந்து, தாங்களே வரைந்து, தாங்களே அச்சடித்து, தாங்களே விற்பார்கள். அந்தக் குழுவுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'சர்க்கிள்'. இந்தக் குழுக்கள் ஒன்றுகூட 1975 டிசம்பரில் டோக்கியோவில் 'காமிக் மார்க்கெட்' என்ற சந்தையைத் தொடங்கினார்கள். முதல் சந்தைக்கு வந்தவை 32 குழுக்கள். சுமார் 700 பேர். அதில் பெரும்பாலோர் பள்ளிக்கூடம் படிக்கும் பெண் பிள்ளைகள்! 2019 டிசம்பரில் நடந்த சந்தைக்கு 4 நாட்களில் சுமார் 7.5 லட்சம் பேர் வந்தார்கள். அங்கே ஒரு கொள்கை உண்டு. வாங்க வருபவரையும் விற்பவரையும் வேலை செய்பவரையும் 'பங்கேற்பாளர்' என்றே சொல்வார்கள். 'வாடிக்கையாளர்' என்று யாரும் கிடையாது. நம் குழுவில் எல்லோருமே உறுப்பினர் என்பதைப் போலத்தான்.

இன்னொரு செய்தி நம் பெண்களுக்குப் பிடிக்கும். 'கிளாம்ப்' என்ற பெயரில் பெண்கள் மட்டும் சேர்ந்த ஒரு குழு 1980களில் ரசிகர் புத்தகம் போட்டுக்கொண்டிருந்தது. 1989இல் பத்திரிகையில் தொடர் வரையும் தொழிலுக்கு வந்தார்கள். பிறகு 4 பேர் நிலைத்து நின்று, ஜப்பானின் பெயர்பெற்ற சித்திரக் கதை ஆசிரியர்கள் ஆனார்கள். அவர்கள் சேர்ந்தே உழைத்தார்கள், சேர்ந்தே பெயர் எடுத்தார்கள்.

இணையம் வந்தபின் கூடும் இடமும் மாறியது. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு 'டீவியன்ட்ஆர்ட்', ஜப்பானில் 2007ஆம் ஆண்டு 'பிக்சிவ்' ஆகியவை தொடங்கப்பட்டன. வரைபவர்கள் படத்தைப் போட்டு மற்றவர் கருத்தைக் கேட்கும் இடங்கள் இவை.

செல்லில் எப்படி வரைகிறார்கள்?

"விரலால தேய்ச்சா படம் வந்துடுமா?" என்று கேட்பீர்கள். வராது. கை வேலை அப்படியே இருக்கிறது. கருவி மட்டும்தான் மாறியிருக்கிறது. முக்கியமான நாலு விஷயங்களைச் சொல்கிறோம்.

1. அடுக்கு: இதை 'லேயர்' என்பார்கள். ஜாக்கெட்டில் எம்பிராய்டரி டிசைன் எடுக்க மெல்லிய தாளை மேலே வைத்து வரைகிறோம் அல்லவா? அதேபோலக் கண்ணாடித் தாள்களை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். அடித்தாளில் கரடுமுரடான கோடு. அடுத்த தாளில் சுத்தமான கோடு. இன்னொன்றில் வண்ணம். வேறொன்றில் நிழல். நிழல் தப்பாகப் போனால் அந்தத் தாளை மட்டும் எடுத்துவிடலாம், மற்றது கெடாது. கோலத்தில் புள்ளி வைத்துவிட்டுக் கோடு இழுப்பது போல, இங்கேயும் அடிப்படை முதலில், அழகு அப்புறம்.

2. வெளியே போகாத வண்ணம்: சட்டைக்கு நிழல் கொடுக்கும்போது வண்ணம் முகத்தில் வழியக் கூடாது. கீழே உள்ள அடுக்கில் எவ்வளவு இடம் வண்ணம் இருக்கிறதோ, அதற்குள் மட்டும் மேல் அடுக்கின் வண்ணம் தெரியும்படி செய்யலாம். அச்சு வெட்டி வைத்து ரங்கோலிப் பொடி தூவுவது போல.

3. கை நடுக்கத்துக்கு உதவி: விரல் நடுங்கினாலும் கோடு ஓரளவு நேராக வரும்படி ஒரு வசதி உண்டு. ஆனால் அதை அதிகமாக வைத்தால் கோடு உயிரில்லாமல் போகும். வேண்டிய அளவுக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

4. திருப்பிப் பார்ப்பது: நாமே வரைந்த படத்தில் நம் கண்ணுக்குத் தப்பு தெரியாது. பார்த்துப் பார்த்துப் பழகிவிடும். படத்தைக் கண்ணாடியில் தெரிவது போல இடம் வலமாகத் திருப்பினால், ஒரு கண் மேலே, ஒரு கண் கீழே இருப்பது பளிச்சென்று தெரியும். அதேபோல, படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தால் வெளிச்சமும் நிழலும் போதுமா என்று தெரியும். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் படம் தட்டையாக இருக்கிறது என்று அர்த்தம்.

இதற்குப் பெரிய செலவு வேண்டாம். ஜப்பானில் உருவான 'ஐபிஸ்பெயின்ட்' போன்ற செயலியைச் செல்லில் இலவசமாகவே போட்டுக்கொள்ளலாம். நடுவில் விளம்பரம் வரும். கம்ப்யூட்டர் இருந்தால் 'கிரிட்டா' முழுக்க இலவசம். அழுத்தத்துக்குத் தக்கபடி கோடு தடிப்பாகவும் மெலிதாகவும் வரும் பேனாவும் பலகையும் கடையில் உண்டு. அதற்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். எடுத்தவுடனே அதற்காகக் குழுவில் உள்கடன் கேட்காதீர்கள். ஆறு மாதம் விரலால் வரையட்டும். ஆர்வம் நிலைக்கிறதா என்று பார்த்து முடிவு செய்யலாம்.

குறை சொல்வதும் ஒரு கலை

எங்களை அதிகம் யோசிக்க வைத்தது இந்தப் பகுதிதான். அந்தக் கூட்டங்களில் நல்ல இடமாக இருந்தால், கருத்துச் சொல்ல சில பழக்கங்கள் உண்டு.

• கேட்டால்தான் திருத்துவார்கள். "எனக்குத் திருத்தம் வேண்டும்" என்று வரைந்தவர் சொல்ல வேண்டும். சந்தோஷத்துக்காகப் போட்ட படத்தில் போய்க் குறை தேட மாட்டார்கள்.

• குறிப்பாகச் சொல்வார்கள். "சூப்பர்" என்றால் மனசுக்கு இனிப்பு, கைக்குப் பயன் இல்லை. "நல்லாயில்ல" என்றாலும் அதே கதைதான். "வலது கை, இடது கையைவிட நீளம். முழங்கை இடுப்புக்கு நேரா வரணும்" என்றால் அடுத்த படம் சரியாகும்.

• மூலப் படத்தில் கை வைக்க மாட்டார்கள். அனுமதி வாங்கி, பிரதி எடுத்து, அதன் மேல் தனி அடுக்கில் சிவப்புக் கோடு போட்டுக் காட்டுவார்கள். வரைந்தவருக்குப் பிடித்தால் எடுத்துக்கொள்வார், இல்லையென்றால் விட்டுவிடுவார். நாங்கள் கிறுக்கல் என்று நினைத்தது இதைத்தான்.

• கற்றதை மறைக்க மாட்டார்கள். தலைமுடி எப்படி வரைவது, துணி மடிப்பு எப்படி என்று படிப்படியாகப் பிரித்துக் காட்டுவார்கள். வரையும் முறையையே வீடியோவாகப் போடுவார்கள்.

• பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைப்பார்கள். ஒரு வருடம் முன்பு வரைந்த அதே படத்தைத் திரும்ப வரைந்து, எவ்வளவு முன்னேறியிருக்கிறோம் என்று பார்ப்பார்கள்.

சகோதரிகளே, நம் குழுக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். "அந்தம்மா கணக்கே சரியில்ல" என்று சொல்வதற்கும், "மூணாவது பக்கத்துல வட்டித் தொகை ரெண்டு தடவை ஏறியிருக்கு" என்று சொல்வதற்கும் எவ்வளவு வித்தியாசம்! முதலாவது சண்டையில் முடியும். இரண்டாவது கணக்கைச் சரியாக்கும். பதினாறு வயசுப் பிள்ளையிடம் நாங்களே இதைக் கற்றுக்கொண்டோம்.

யாருக்குச் சொந்தம்?

கதைப் பாத்திரத்தை உருவாக்கியவருக்கே அதன் மேல் உரிமை. கற்றுக்கொள்ள வீட்டில் வரைந்து பழகுவது வேறு. அதையே டீ-ஷர்ட்டில் போட்டு விற்பது வேறு. விற்க வேண்டுமானால் உரிமையாளரின் அனுமதி வேண்டும். ஜப்பானில் பல நிறுவனங்கள் சிறு குழுக்களைக் கண்டுகொள்ளாமல் விடுகின்றன. அதற்காக உரிமை இல்லை என்று ஆகிவிடாது. அடுத்தவர் படத்தை மேலே வைத்து வரைந்து "நான் வரைந்தது" என்று போடுவதை அந்தக் கூட்டங்களில் திருட்டாகவே பார்ப்பார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. உங்கள் மகள் சொந்தமாகக் கற்பனை செய்து வரைந்த படம் அவளுக்கே சொந்தம். நம் நாட்டு 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, ஓவியத்தின் உரிமை வரைந்தவரின் வாழ்நாள் முழுவதும், அதன் பிறகு 60 ஆண்டுகளும் உண்டு. வேறு யாராவது எடுத்து விற்றால் கேள்வி கேட்கலாம்.

2022இல் இருந்து, வார்த்தை சொன்னாலே கம்ப்யூட்டர் படம் போட்டுத் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பெருகிவிட்டன. அதே ஆண்டு பிக்சிவ், அப்படி உருவான படங்களைத் தனியாகக் குறிக்கும் முறையைக் கொண்டுவந்தது. அதனால் இப்போது "எப்படி வரைந்தாய்" என்று காட்டுவதற்கு மதிப்புக் கூடியிருக்கிறது. அடுக்குகளையும், வரையும்போது பதிவான வீடியோவையும் அழிக்காமல் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பயப்பட வேண்டிய இடம் எது?

அந்த அம்மாவின் பயம் பொய்யில்லை. போன் திரும்பக் கிடைத்த பிறகு மகள் தானாகவே ஒன்று சொன்னாள். ஒருவர் முதலில் படத்தைப் புகழ்ந்தாராம். பிறகு தனியாகப் பேசக் கூப்பிட்டாராம். அப்புறம், "உன் போட்டோ அனுப்பு" என்றாராம். இவள் அனுப்பவில்லை. "அப்பவே ஏம்மா சொல்லல?" என்றார் அம்மா. "சொன்னா போனைப் பிடுங்கிடுவீங்கன்னு பயம்" என்றாள் மகள்.

அம்மா வாயடைத்துப் போனார். நாங்களும்தான். போனைப் பிடுங்கினால் ஆபத்து விலகும் என்று நினைத்தோம். உண்மையில் ஆபத்து வந்தால் சொல்லும் வாயைத்தான் அடைத்திருக்கிறோம்.

எனவே வீட்டில் இவற்றைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்:

• சொந்தப் பெயர், ஊர், பள்ளி, போன் நம்பர், போட்டோ எதையும் போடக் கூடாது. புனைபெயர் போதும்.

• கருத்து எல்லோரும் பார்க்கும் இடத்தில் வரட்டும். தனியாகக் கூப்பிடுபவரிடம் எச்சரிக்கை வேண்டும்.

• "உன் படத்தை வாங்குகிறேன், முதலில் கட்டணம் கட்டு" என்றால் அது ஏமாற்று. வாங்குபவர்தான் பணம் தர வேண்டும்.

• தப்பான மெசேஜ் வந்தால் அழிக்காமல் படம் பிடித்து வைத்து, அந்த ஆளைத் தடை செய்து, வீட்டில் சொல்ல வேண்டும். பணம் போயிருந்தால் உடனே 1930. பிள்ளைகளுக்கு உதவி 1098. பெண்களுக்கு 181.

• "சொன்னால் போனைப் பிடுங்க மாட்டேன்" என்று நீங்கள் வாக்குக் கொடுக்க வேண்டும். அதைக் காப்பாற்றவும் வேண்டும்.

படிப்பு நேரம், தூங்கும் நேரம் இரண்டுக்கும் கட்டுப்பாடு கட்டாயம் வேண்டும். அந்த வீட்டில் இப்போது இரவு ஒன்பதரை மணிக்குப் போன் அம்மாவிடம் வந்துவிடுகிறது. அதை இருவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்தார்கள்.

இதனால் சம்பாத்தியம் வருமா என்று கேட்பீர்கள். எல்லோருக்கும் வரும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஆனால் அடுக்கு, வண்ணம், அளவு பழகிய கை எம்பிராய்டரி டிசைனுக்கும் உதவும், நம் ஊறுகாய், மசாலா பாக்கெட்டின் லேபிளுக்கும் உதவும். அந்தப் பெண் தன் அம்மாவின் குழுவுக்கு ஒரு லேபிள் வரைந்து தந்தாள். உறுப்பினர்கள் பார்த்தார்கள். "எழுத்து சின்னதா இருக்கு, கண்ணாடி போட்டாலும் தெரியல" என்று ஒரு பாட்டி சொன்னார். அவள் முகம் சுளிக்கவில்லை. அந்த அடுக்கை மட்டும் மாற்றி, பத்து நிமிடத்தில் பெரிதாக்கிக் கொண்டுவந்தாள்.

அடுத்த கூட்டத்தில் இதை வாசித்துப் பேசுங்கள். இன்று இரவு உங்கள் பிள்ளை செல்லை வைத்துக் குனிந்திருந்தால், திட்டுவதற்கு முன்னால் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "என்ன வரையுற, எனக்கும் காட்டு" என்று கேட்டுப் பாருங்கள்.