ஆம்ஸ்டர்டாம் போகிறீர்களா? பால் ஊற்றும் பெண்ணைப் பார்த்து வாருங்கள்!



வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகள், "அம்மா, அப்பா, ஒரு தடவை ஐரோப்பாவுக்கு வந்து போங்கள்" என்று அழைக்கும் காலம் இது. சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் போகச் சம்மதிப்போம். ஆனால் கலைக்கூடம் என்றதும், "படிக்காத நமக்கு அங்கே என்ன வேலை?" என்று பின்வாங்குவோம். அந்தத் தயக்கம் வேண்டாம் என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

நெதர்லாந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரில் ரைக்ஸ்மியூசியம் என்ற அரசாங்கக் கலைக்கூடம் இருக்கிறது. இப்போதுள்ள கட்டடம் 1885-இல் திறக்கப்பட்டது. பத்தாண்டுச் சீரமைப்புக்குப் பிறகு 2013-இல் மறுபடியும் திறந்தார்கள். ஏறத்தாழ 80 அறைகளில் 8,000 பொருள்கள் உள்ளன. ஒன்றுக்கு அரை நிமிடம் ஒதுக்கினாலும் 66 மணி நேரத்துக்கு மேல் ஆகும்! எல்லாவற்றையும் பார்க்க ஓடினால் கால்வலிதான் மிஞ்சும். ஆகவே மூன்றே மூன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

காலை 9 மணி முதல் மாலை 5 வரை, வருடம் முழுவதும் திறந்திருக்கும். சீட்டையும் நுழையும் நேரத்தையும் முன்கூட்டியே இணையம் வழி பதிந்துகொள்ள வேண்டும்; பிள்ளைகளிடம் சொன்னால் செய்து கொடுப்பார்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 20 யூரோவுக்கு மேல். 18 வயது வரை இலவசம். காலை நேரமே நல்லது. பழகிய செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். புதுச் சப்பாத்து வேண்டாம்.

உள்ளே போனதும் நேராக இரண்டாம் மாடிக்கு ஏறுங்கள். அங்கே ரெம்பிராண்ட் 1642-இல் தீட்டிய 'இரவுக் காவல்' இருக்கிறது. ஏறக்குறைய 4 மீட்டர் உயரம், நாலரை மீட்டர் அகலம். 1715-இல் நகர மண்டபச் சுவரில் பொருந்தவில்லை என்று ஓரங்களை வெட்டிவிட்டார்கள் என்றால் நம்புவீர்களா? 2019 முதல் அதைப் பார்வையாளர் கண்ணெதிரிலேயே ஆராய்ந்து செப்பனிடத் தொடங்கினார்கள். எனவே கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்று பார்க்க நேரலாம்.

அதே மாடியில், அரை மீட்டர் கூட உயரமில்லாத ஒரு சிறு படம். ஏறத்தாழ 1660-இல் வெர்மீர் வரைந்தது. அதில் அரசியும் இல்லை, சீமாட்டியும் இல்லை. வீட்டு வேலைக்காரப் பெண் ஒருத்தி குடத்திலிருந்து சட்டிக்குப் பால் ஊற்றுகிறாள். அவ்வளவுதான்! அவள் கைகளைப் பாருங்கள். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டிருக்கிறாள். மேலே வெளுப்பு, கீழே வெயிலும் வேலையும் ஏற்றிய சிவப்பு.

பால்மரக் காட்டில், மங்கிலிருந்து வாளிக்குப் பால் சிந்தாமல் ஊற்றிய நம் தாய்மார்களுக்கு அந்தக் கையைத் தெரியாதா? அவள் முகத்தில் இருக்கும் கவனத்தைத் தெரியாதா? அதை விளக்க எந்தப் படிப்பும் வேண்டியதில்லை. பக்கத்தில் நிற்கும் பேரப்பிள்ளைக்கு நீங்கள்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

சற்று உட்கார்ந்து இளைப்பாறிய பின், தண்ணீர் சூழ்ந்த ஆசியக் கலை மண்டபத்துக்குப் போங்கள். மூன்றாவது அங்கே இருக்கிறது. தமிழ்நாட்டில் சோழர் காலத்தில் வார்க்கப்பட்ட நடராசர்! ஒன்றரை மீட்டர் உயரம், சுமார் 300 கிலோ. எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தபோது, உள்ளே வெற்றிடமில்லாத கெட்டி வார்ப்பு என்று தெரிந்தது. அங்கே மாலையும் கற்பூரமும் இல்லை. ஆனால் மெழுகில் உருச்செய்து, மண் பூசி, உலோகத்தை உருக்கி ஊற்றிய நம் கைவினைஞர்களின் உழைப்பு அப்படியே நிற்கிறது.

புறப்படுவதற்கு முதல் நாள் இரவு, இந்த மூன்றின் பெயரையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் முன்னும் பத்து நிமிடம் நில்லுங்கள். போதும்.

உழைத்த கைகளைத்தான் அந்தச் சுவரில் மாட்டி, உலகமே வந்து பார்க்கிறது. அப்படியிருக்க, உழைத்த நாம் மட்டும் ஏன் வாசலோடு திரும்ப வேண்டும்? தலைநிமிர்ந்து உள்ளே போங்கள்.