பெட்டியை மாற்றும் முன் ஒரு பிளேன்டீ

மகியங்கனையில் நெல் ஏற்றிக்கொண்டு, பதினெட்டு வளைவையும் ஏறி, ஹுன்னஸ்கிரிய, தெல்தெனிய, திகன எல்லாம் தாண்டி வந்த லொறி பல்லேகலவில் நின்றுவிட்டது. ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. யாரோ ஸ்கேனரைப் பொருத்திப் பார்த்திருக்கிறார்கள். கருவியால் எஞ்சினின் கொம்பியூட்டர் பெட்டியோடு பேசவே முடியவில்லை. உடனே தீர்ப்பும் சொல்லிவிட்டார்கள்.

"அண்ணே, கொம்பியூட்டர் பெட்டி போயிருச்சாம். மாத்தினாத்தான் ஓடுமாம். அவ்வளவு காசுக்கு நான் எங்க போறது?"

"முதல்ல உட்காருங்க தம்பி. இந்த டீயைக் குடிங்க. பெட்டி போயிருச்சான்னு நாமளே பார்த்துருவோம்."

இஞ்சி போட்ட பிளேன்டீயும் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியும் வந்தன. அந்தத் தம்பிக்குச் சொன்னதைத்தான் இங்கே உங்களுக்கும் சொல்கிறேன். லொறியை நம்பிப் பிழைக்கும் ஒரு குடும்பம், பழுதாகாத பெட்டிக்காகக் கடன்படக் கூடாது.

பெட்டி என்ன வேலை செய்கிறது? பழைய டீசல் எஞ்சினில் எண்ணெயை அளந்து கொடுத்தது பம்ப். அதற்குள் இருந்த கவர்னரும் ஸ்பிரிங்கும் கணக்கைப் பார்த்துக்கொண்டன. 1995-இல் ஜப்பானின் டென்ஸோ நிறுவனம் ஹினோ ரேஞ்சர் லொறிக்காகக் கொமன் ரெயில் முறையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன்பின் பம்புக்கு மிஞ்சிய வேலை, ஒரு குழாயில் எண்ணெயை ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தி வைத்திருப்பது மட்டும்தான். எந்த இன்ஜெக்டர் எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதைப் பெட்டி முடிவு செய்கிறது. நாலு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 2,400 சுற்றுச் சுற்றினால், பெட்டி விநாடிக்கு 80 தடவை எண்ணெய் பாய்ச்ச வேண்டும். ஒவ்வொரு தடவையையும் அது இரண்டு மூன்று சிறு பாய்ச்சல்களாகப் பிரித்துக் கொடுப்பதும் உண்டு.

நம் மலைப் பாதையில் பெட்டிக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. கொழும்பில் கடல் மட்டத்தில் கிளம்பும் லொறி 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்குப் போனால், காற்றழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். காற்று குறைந்த இடத்தில் அதே அளவு எண்ணெய் ஊற்றினால் கறுப்புப் புகைதான் வரும். அதனால் பல பெட்டிகளுக்குள் காற்றழுத்தத்தை அளக்கும் சென்சரே இருக்கிறது. ஏற ஏற எண்ணெயின் அளவைப் பெட்டி தானாகச் சரிசெய்துகொள்ளும்.

இவ்வளவு வேலை செய்தாலும் பெட்டி சுலபத்தில் சாவதில்லை. அசையும் உறுப்பு எதுவும் அதற்குள் கிடையாது. அடிக்கடி கெடுவது அதற்குப் போகும் வயர், பிளக், எர்த், ரிலே, ஃபியூஸ். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025-இல்தான் மறுபடி திறந்தது. அந்த ஐந்து வருடமும் நாட்டைச் சுமந்தது பழைய லொறிகள். பெட்டியைவிட அவற்றின் வயர்கள்தான் அதிகம் தேய்ந்திருக்கின்றன. போதாததற்குக் கண்டி மழை.

ஸ்கேனர் காட்டும் கோட் ஒரு முறைப்பாடு மாதிரி. அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 'பெட்டியோடு தொடர்பில்லை' என்றால் பெட்டி செத்திருக்கலாம், அதற்குக் கரண்ட் போகாமல் இருக்கலாம், பேசும் வயர் அறுந்திருக்கலாம். மூன்றுக்கும் வருவது ஒரே கோட்தான். இதைப் பிரித்துப் பார்க்க நான்கு சோதனைகள் போதும்.

முதலாவது, சாவியைப் போட்டதும் செக் எஞ்சின் லைட் எரிகிறதா? ஒருதரம் எரிந்தால் பெட்டிக்கு உயிர் இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். எரியவே இல்லை என்றால் பெட்டிக்குக் கரண்ட் போகிறதா என்று பாருங்கள். மெயின் ரிலேயையும் ஃபியூஸையும் மாற்றிப் போட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

இரண்டாவது, ஐந்து வோல்ட். அக்சலரேட்டர் பெடலிலும் ரெயில் அழுத்தத்திலும் காற்றுக் குழாயிலும் உள்ள சென்சர்களுக்குப் பெட்டி ஐந்து வோல்ட் அனுப்புகிறது. பல லொறிகளில் ஒரே லைன் பல சென்சர்களுக்குப் பிரிந்து போகும். அதில் ஒன்று ஷோட் ஆனால் மற்றவையும் விழுந்துவிடும். ஸ்கேனரில் ஏழெட்டுக் கோட் வரிசையாக வரும். பார்ப்பவருக்குப் பெட்டியே பைத்தியமானது போலத் தெரியும். சென்சர் பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது ஐந்து வோல்ட் திரும்பி வருகிறதோ, அதுதான் குற்றவாளி. எல்லாவற்றையும் கழற்றி, வயரையும் சோதித்த பிறகும் வரவில்லை என்றால், அப்போது பெட்டியைச் சந்தேகிக்கலாம்.

மூன்றாவது, பேசும் வயர். கேன் என்று சொல்லும் இரட்டை வயரின் இரு முனையிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று இருக்கும். பெட்டரியைக் கழற்றி, பிளக்குகளை மாட்டியபடியே அளந்தால் மீட்டர் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனை விட்டுப்போயிருக்கிறது.

நான்காவது எர்த். அந்தத் தம்பியின் லொறியில் இதைத்தான் செய்தோம். பெட்டியின் பிளக்கைக் கழற்றி, சாவியைப் போட்டு, பிளக்கில் கரண்ட் வரும் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே மீட்டரை வைத்தேன். 24 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. "கரண்ட் சரியா இருக்கே, அப்ப பெட்டிதானே?" என்றார் தம்பி. ஒரு இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் வயரிலும் மீட்டர் 24 காட்டும், ஏனென்றால் மீட்டர் கரண்டை இழுப்பதில்லை. அதே இடத்தில் 21 வொட் சிக்னல் பல்ப் ஒன்றைப் பிடித்தோம். அது ஓர் அம்பியருக்குச் சற்றுக் குறைவாக இழுக்கும். சாம்பல் மூடிய கங்கு போல மங்கலாக எரிந்தது. எர்த் பக்கத்தை மட்டும் பிளக்கிலிருந்து எடுத்து நேராகப் பெட்டரி நெகட்டிவில் வைத்தோம். பளிச்சென்று எரிந்தது.

கரண்ட் வரும் வழி சுத்தம், திரும்பிப் போகும் வழியில்தான் அடைப்பு. வயரைத் தடவிக்கொண்டே போனால் சேசிஸில் ஒரு போல்ட். அதன் கீழே எர்த் லக், பச்சைப் பொடி பூத்து, விரல் பட்டதும் ஆடியது. வளைவுகளில் குலுங்கிக் குலுங்கித் தொடர்பு பெயருக்குத்தான் மிஞ்சியிருக்கிறது. மட்டத்தாளால் தேய்த்து, புது லக் போட்டு இறுக்கினோம். எஞ்சின் பிடித்தது. தம்பி கொஞ்ச நேரம் ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாப் பெட்டியும் இப்படித் தப்புவதில்லை. கரண்ட், எர்த், வயர் எல்லாம் பல்ப் வைத்துப் பார்த்தும் சரியாக இருந்து, பெட்டி வாய் திறக்கவில்லை என்றால் அது போனதுதான். அதைக் கொல்பவற்றில் பல நம் கையால் நடப்பவை என்பதுதான் என் மனவருத்தம். லொறியின் பொடி வேலைக்கு வெல்டிங் வைக்கும்போது பெட்டரியையும் பெட்டியின் பிளக்கையும் கழற்றாமல் விடுகிறோம். ஜம்ப் கேபிளை மாற்றிக் கொடுக்கிறோம். எஞ்சினை அமுக்கத் தண்ணீரால் கழுவும்போது பெட்டியின் மேலேயே பீய்ச்சுகிறோம். வெல்டிங் செய்யத்தான் வேண்டுமென்றால் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, வெல்டிங் எர்த்தை வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கவ்வவையுங்கள்.

மாற்றியே ஆக வேண்டிய நிலை வந்தால், பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையில் ஒரே மாதிரிப் பெட்டி கிடைத்துவிட்டது என்று ஓடிவராதீர்கள். வெளியே ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே இருக்கும் மென்பொருள் வேறாக இருக்கலாம். லேபிளில் உள்ள பாக இலக்கம் எழுத்துக்கு எழுத்துப் பொருந்த வேண்டும். அதற்கும் மேல், பழைய பெட்டிக்கு ஒரு ஞாபகம் இருக்கிறது. இன்ஜெக்டர்களை ஒரே மாதிரிச் செய்தாலும் மயிரிழை வித்தியாசம் இருக்கும். அந்த வித்தியாசத்தைச் சொல்லும் நீண்ட குறியீடு அவற்றின் தலையில் பொறித்திருக்கும். அதைப் பெட்டிக்குள் எழுதாவிட்டால் எஞ்சின் தடதடக்கும், புகை தள்ளும். சேசிஸ் இலக்கம், சாவிப் பூட்டின் இரகசிய எண், பம்ப் பழகிய அளவு எல்லாம் இப்படித்தான். பழைய பெட்டி கொஞ்சமாவது பேசினால், கழற்றுவதற்கு முன்பே இவற்றை வாசித்துச் சேமித்துவிட வேண்டும். பேசாவிட்டாலும், விபரம் தெரிந்தவர் உள்ளே இருக்கும் மெமரி சிப்பை வாசித்துப் புதியதில் இறக்கலாம். போர்டில் ஒரு கப்பாசிட்டரோ டிரைவர் சிப்போ மட்டும் போயிருந்தால் அதையே திருத்தலாம். ஆகையால் பழைய பெட்டியைக் கராஜில் விட்டுவராதீர்கள்.

கழற்றும்போது சாவியை எடுத்துச் சில நிமிடம் பொறுங்கள். சாவியை எடுத்த பிறகும் பெட்டி கொஞ்ச நேரம் விழித்திருந்து கணக்கை எழுதி முடிக்கும். பிறகு பெட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். பிளக்கின் பின்னுக்குள் தடித்த மீட்டர் ஊசியைத் திணிக்காதீர்கள், வாய் அகன்றால் புதுப் பெட்டியிலும் அதே கோளாறு வரும். பழையதைக் கொன்ற காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புதியதை மாட்டவே கூடாது. அந்தக் காரணம் புதியதையும் கொல்லும்.

தம்பி கிளம்பும்போது ஒரு வேலை கொடுத்து அனுப்பினேன். எஞ்சின் நன்றாக ஓடும் இந்த நாளிலேயே பெட்டியின் லேபிளையும் நாலு இன்ஜெக்டர் தலையையும் ஃபோனில் படமெடுத்து, இலக்கங்களை ஒரு கொப்பியில் எழுதி, வாகன வருமான அனுமதிப்பத்திரத்தோடு வைத்துக்கொள்ளச் சொன்னேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். அந்த மங்கலாக எரிந்த பல்பையும் அவரே கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.