ஏட்டில் இல்லாத குறும்பு

ஐரோப்பாவில் 13, 14ஆம் நூற்றாண்டுகளில் பதனிட்ட தோலில் வேதநூல்களைப் படியெடுத்தபோது, ஓரங்களில் ஓவியர்கள் புகுந்து விளையாடினார்கள். கவசமணிந்த வீரன் நத்தையோடு வாள்சண்டை போடுவான். முயல் மனிதனை வேட்டையாடும். நடுவில் வேதவசனம், பக்கத்தில் சேட்டை.

இலங்கையின் மாத்தளையில் ஏடு எழுதியவர்களுக்கு அந்த வசதி இல்லை. வாய்வழியாக வந்த பௌத்த மறையான திரிபிடகம் கி.மு. முதல் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், நகருக்கு வடக்கேயுள்ள அலுவிகாரைக் குகைகளில் முதன்முதலாக ஏட்டில் ஏறியது என்பது மரபு. ஏடு, தாளிப்பனையின் குருத்தோலை. அதை அவித்து, உலர்த்தி, வழவழப்பான மரத்தில் இழுத்து இழுத்துத் தேய்ப்பார்கள். பிறகு எழுத்தாணியால் கீறுவார்கள். கீறிய எழுத்து உடனே கண்ணுக்குப் பிடிபடாது. கரித்தூளைக் குங்கிலிய எண்ணெயில் குழைத்துப் பூசித் துடைத்தால், கீறலுக்குள் மட்டும் கறுப்புத் தங்கி வரி எழும். விகாரையில் இன்றும் இதைச் செய்து காட்டுகிறார்கள். அங்கிருந்த பழைய ஏடுகள் பிரித்தானியருக்கு எதிரான 1848 கிளர்ச்சியில் அழிந்துவிட்டன.

சில விரல் அகல ஓலையில் தூரிகைக்கு ஏது இடம்? வண்ணமெல்லாம் மேலும் கீழும் வைத்துக் கட்டும் ஏட்டுச் சட்டங்களுக்குப் போயிற்று. இதே மாவட்டத்து ஹப்புவிட கிராமத்தவர் அரக்கைச் சூட்டில் இளக்கி, நூலாக இழுத்து, கட்டைவிரல் நகத்தால் அறுத்து ஒட்டி அலங்கரிப்பதில் பேர்போனவர்கள். அழகுதான். ஆனால் சிரிப்பு வராது.

சிரிக்க வேண்டுமென்றால் சிகிரியாப் பாறைக்கோட்டைக்குப் போக வேண்டும். மன்னன் காசியப்பன் (477–495) காலத்து ஓவியப் பெண்கள் பாறையில் இருக்க, கீழே நடைபாதையோரம் மெருகேற்றிய சுண்ணச்சுவர். பெயர் கண்ணாடிச்சுவர். அவன் அரண்மனை கைவிடப்பட்ட பிறகு பார்க்க வந்தவர்கள், பெரும்பாலும் 8 முதல் 10ஆம் நூற்றாண்டு வரை, அதில் பாட்டுக் கீறிவைத்தார்கள். அழகில் உருகியவர்கள் ஒருபுறம். ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்கிறாளே என்று படத்திடம் கோபித்துக்கொண்டவர்கள் இன்னொருபுறம். இந்த வழிசலைப் பார்த்துப் பொருமிய பெண்களும் எழுதியிருக்கிறார்கள். தொல்லியலாளர் செனரத் பரணவிதான 685 பாடல்களை வாசித்து 1956இல் வெளியிட்டார். பலவற்றில் எழுதியவரின் பெயரும் உண்டு.

ஐரோப்பாவில் குறும்பு செய்தவன் கூலிக்கு வரைந்த ஓவியன்; இங்கே, வேடிக்கை பார்க்க வந்தவன். அதனாலேயே எனக்கு நத்தையைவிட இந்தச் சுவர்தான் பிடிக்கிறது. ஏறுகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போங்கள். உங்கள் பங்குக்கு ஒரு வரி சேர்க்க மட்டும் நினைக்காதீர்கள். இன்று அது தொல்பொருள் சட்டப்படி குற்றம்.