நெட் வரலையா? பெட்டியைக் குத்தாதீங்க, முதல்ல மடையைப் பாருங்க!

சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் வட்டாரத்துப் பெரியவர் ஒருவர் போன் செய்தார். "சார், பொண்ணு வீட்டுலயே காப்பீடு பதிவு பண்ணிடுறேன்னு சொன்னுச்சு. ரெண்டு நாளா நெட்டு சுத்திக்கிட்டே நிக்குது. என்ன பண்றதுன்னே தெரியலை" என்றார்.

மறுநாள் வயலாய்வுக்குப் போகும் வழியில் அவர் வீட்டில் இறங்கினேன். வைஃபை பெட்டி முன்கூடத்தில், இரும்பு பீரோவுக்குப் பின்னால், தரையோடு தரையாகக் கிடந்தது. பெண் உட்கார்ந்து பதிவு செய்தது பின்கட்டில், தகரக் கூரைக்கு அடியில். பெட்டியைத் தூக்கி மேலே வைத்திருந்தால் முடிந்துபோயிருக்கும். ஆனால் நான் போவதற்குள் யாரோ சொன்னார்கள் என்று, பெட்டியின் பின்பக்கம் இருக்கும் சிறு துளையில் ஊக்கைவிட்டுக் குத்தியிருந்தார்கள். அதோடு உள்ளே பதிந்திருந்த விவரம் எல்லாம் அழிந்துவிட்டது. கொஞ்சம் கொஞ்சம் வந்துகொண்டிருந்த நெட்டும் நின்றுபோனது. சரிசெய்ய ஆள் வர மூன்று நாள் ஆனது. கடைசியில் சிட்டா, அடங்கலோடு பொது சேவை மையத்தில் வரிசையில் நின்றுதான் பதிவு செய்தார்கள்.

இலை மஞ்சளானால் உடனே யூரியா போடாதீர்கள், காரணம் பாருங்கள் என்று முப்பது வருடமாகச் சொல்லி வருகிறேன். வைஃபைக்கும் அதேதான்.

தண்ணீர் வரும் வழிதான் நெட் வரும் வழி

வயலுக்குத் தண்ணீர் ஏறவில்லை என்றால் என்ன செய்வீர்கள்? பக்கத்து வயலுக்குப் பாய்கிறதா என்று பார்ப்பீர்கள். அங்கே பாய்ந்தால் கோளாறு உங்கள் மடையில். அங்கேயும் இல்லை என்றால் வாய்க்காலில். நெட்டும் அப்படித்தான். தெருக் கம்பத்திலிருந்து வரும் ஃபைபர் கேபிள் வாய்க்கால். வைஃபை பெட்டி மதகு. பெட்டியிலிருந்து போனுக்குக் காற்றில் வருவது மடை. போன்தான் வயல். எங்கே அடைப்பு என்று தெரியாமல் எதையும் தொடக் கூடாது.

முதல் சோதனை: ஒரு போனா, எல்லா போனுமா?

வீட்டில் உள்ள இன்னொரு போனை எடுங்கள். அதில் மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு, வைஃபையில் மட்டும் வேலை செய்கிறதா பாருங்கள். டேட்டாவை நிறுத்தாமல் பார்த்தால் சிம் நெட்டை வைஃபை என்று நினைத்து ஏமாந்துவிடுவோம். பெட்டியின் பக்கத்தில் நின்று பார்ப்பது முக்கியம்.

எல்லா போனிலும் வரவில்லையா?

ரீசார்ஜ் முடிந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். பணம் கட்டாவிட்டாலும் விளக்கு எரியும், போனில் வைஃபை குறியும் காட்டும். நெட் மட்டும் வராது.

அடுத்து பெட்டியின் விளக்குகள். 'எல்.ஓ.எஸ்' என்று எழுதிய இடத்தில் சிவப்பு எரிந்தாலோ மினுக்கினாலோ ஃபைபர் வழியே ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். கேபிளை எலி கடித்திருக்கலாம், மரக்கிளை விழுந்திருக்கலாம், ஜன்னல் இடுக்கில் மடங்கியிருக்கலாம். ஃபைபர் என்பது தலைமுடி போன்ற கண்ணாடி இழை. சணல் கயிறுபோல மடித்துக் கட்டக் கூடாது. சுருட்டினால் வளையல் அளவுக்காவது வளைவு இருக்கட்டும். கழற்றி நுனியைக் கண்ணால் பார்க்காதீர்கள். அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கலாம். சிவப்பு விளக்குக்கு வீட்டு வைத்தியம் கிடையாது. இணைப்புக் கொடுத்தவர்களிடம் "எல்.ஓ.எஸ் சிவப்பு எரிகிறது" என்று சொல்லிப் புகார் எண் வாங்குங்கள்.

சிவப்பு இல்லை என்றால், பெட்டியின் மின்சாரத்தை நிறுத்தி ஒரு நிமிடம் விட்டுப் போடுங்கள். ஐந்து நிமிடம் பொறுங்கள். பாதிக் கோளாறு இதிலேயே தீரும். பெட்டி தானாக அணைந்து அணைந்து எரிந்தால் குறைந்த மின்னழுத்தமாகவோ அடாப்டர் கோளாறாகவோ இருக்கும். அடாப்டரை மாற்றும்போது பழையதில் போட்டிருக்கும் அதே வோல்ட்டில் வாங்குங்கள்.

துளைக்குள் குத்துவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

பக்கத்தில் வருகிறது, தள்ளிப் போனால் இல்லையா?

இது மடைக் கோளாறு. தகரம், இரும்பு பீரோ, ஃபிரிட்ஜ் எல்லாம் வைஃபை அலையைத் தடுக்கும். கனத்த சுவரும் தண்ணீர்த் தொட்டியும் அலையைக் குறைக்கும். பெட்டியை வீட்டின் நடுவில், ஆள் உயரத்தில், திறந்த இடத்தில் மாட்டுங்கள்.

சில பெட்டிகள் இரண்டு பெயர் காட்டும். ஒன்றின் கடைசியில் 5ஜி என்று இருக்கும். இது சிம் கார்டு 5ஜி அல்ல. 5 கிகாஹெர்ட்ஸ் அலை என்று பொருள். பக்கத்தில் வேகமாக இருக்கும், சுவரைத் தாண்டினால் இளைத்துவிடும். மற்றது 2.4 கிகாஹெர்ட்ஸ். வேகம் குறைவு, ஆனால் தூரம் போகும். பின்கட்டு, திண்ணைக்கு இதுதான் சரி.

ஒரு போனில் மட்டும் வரவில்லையா?

அந்தப் போனை அணைத்துப் போடுங்கள். சரியாகவில்லை என்றால் வைஃபை பட்டியலில் உங்கள் வீட்டுப் பெயரை நீக்கிவிட்டு, கடவுச்சொல்லை மறுபடி கொடுங்கள். போனில் தேதி, நேரம் சரியாக இருக்கிறதா பாருங்கள். தேதி தவறாக இருந்தால் வங்கி, அரசுத் தளங்கள் திறக்காமல் போகும்.

எல்லாம் வேலை செய்து, பதிவு செய்யும் தளம் மட்டும் சுற்றினால் கோளாறு உங்கள் வீட்டில் இல்லை. கடைசி நாளில் எல்லோரும் ஒரே நேரத்தில் நுழைவதால் அந்தத் தளம் திணறும். விடியற்காலையில் முயன்று பாருங்கள்.

வாசகர் கேள்விகள்

*மாட்டுக் கொட்டகை வீட்டிலிருந்து 60 மீட்டர். அங்கே கேமரா வைத்தால் வீட்டு வைஃபை எட்டுமா?*

இடையில் சுவரும் மரமும் இருந்தால் எட்டாது. வெளியில் போடும் லேன் கேபிளை 100 மீட்டர் வரை இழுக்கலாம். பி.வி.சி. குழாய்க்குள் விட்டு மண்ணில் புதையுங்கள். கொட்டகையில் இரண்டாவது வைஃபை பெட்டி ஒன்றை வையுங்கள். விலை குறைந்த கேமராக்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் மட்டுமே வேலை செய்யும். அந்தப் பெயரில் இணையுங்கள்.

*இடி இடித்தால் பெட்டியை அணைக்க வேண்டுமா?*

பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். ஃபைபர் வழியே மின்னல் பாயாது. ஆனால் மின்கம்பி வழியே அடாப்டருக்கு வரும். கொட்டகைக்குப் போகும் லேன் கேபிளையும் கழற்றிவிடுவது நல்லது.

கடைசியாக ஒன்று. காப்பீடோ மானியமோ, எந்தப் பதிவையும் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். வைஃபை படுத்தாலும் ஒரு போனின் ஹாட்ஸ்பாட்டை வைத்து வேலையை முடித்துவிடலாம். அதை எப்படிப் போடுவது என்று பிள்ளைகளிடம் இன்றைக்கே கேட்டு வையுங்கள். இணைப்புக் கொடுத்தவர்களின் புகார் எண்ணையும் உங்கள் கணக்கு எண்ணையும் ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் மேல் சுவரில் ஒட்டுங்கள். அந்தப் பெரியவர் வீட்டில் இப்போது ஒட்டியிருக்கிறார்கள். பெட்டியும் பீரோவுக்குப் பின்னால் இல்லை.