மூலையில் நிற்பவர்கள்

1952-ஆம் ஆண்டு ஜூன் 25-ஆம் தேதி இரவு, நியூயார்க் யாங்கீ ஸ்டேடியத்தில், உஷ்ணமானி நூறு டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டி நின்ற புழுக்கத்திலே, குத்துச்சண்டை மிடில்வெயிட் சாம்பியனாகிய சுகர் ரே ராபின்சன் தம்மினும் எடை கூடிய லைட் ஹெவிவெயிட் சாம்பியன் ஜோயி மாக்சிமோடு மோதினார். பத்தாவது சுற்றோடு நடுவரே வெக்கை தாங்காமல் துவண்டுபோக, அவர் ஸ்தானத்தில் வேறொருவர் கோதாவில் ஏற நேர்ந்தது. புள்ளிக் கணக்கில் வெகுவாக முந்தியிருந்த ராபின்சன், பதின்மூன்றாவது சுற்றில் தாம் வீசிய குத்து காற்றோடு போக, தாமே குப்புற விழுந்தார். அடுத்த சுற்றுக்கு மணி அடித்தபோது ஆசனத்தை விட்டு எழ அவரால் இயலவில்லை. அவரைத் தோற்கடித்தது மாக்சிமா வெக்கையா என்று ஊர் தர்க்கித்துக்கொண்டிருக்க, 'நியூயார்க்கர்' வாரப் பத்திரிகையின் ஏ. ஜே. லீப்ளிங் மட்டும், நாக் அவுட்டில் ஜெயித்தவர் கேர்ன்ஸ் என்று பொருள்படும் தலைப்பைத் தம் கட்டுரைக்குச் சூட்டினார். கேர்ன்ஸ் அன்றிரவு ஒரு குத்தும் விட்டவரல்லர், மாக்சிமின் மானேஜர். (1923-இல் மொன்டானா மாநிலத்து ஷெல்பி என்னும் சிற்றூரில் அப்போதைய ஹெவிவெயிட் சாம்பியன் டெம்ப்சிக்கு ஒரு பந்தயம் ஏற்பாடு செய்து, கையில் கிடைத்த பணத்தோடு கேர்ன்ஸ் புறப்பட்டுப் போக, அவ்வட்டாரத்து வங்கிகள் சில மூடப்பட்டன என்பது வேறு கதை.)

லீப்ளிங்கின் விசேஷம் இதுதான்: எல்லோர் கண்ணும் கோதாவின் நடுவில் இருக்கையில் அவர் கண் மூலைக்குப் போகும். மூன்று நிமிஷம் சண்டை, ஒரு நிமிஷம் ஓய்வு என்பது இத்தொழிலின் கணக்கு. அந்த ஒரு நிமிஷத்தில் ஆசனம் உள்ளே வரும். ஒருவர் பல்கவசத்தை உருவித் தண்ணீரில் அலசுவார். மற்றொருவர் கிழிந்த புருவத்தைத் துண்டால் ஒற்றி, அட்ரினலின் தோய்த்த பஞ்சுக் குச்சியை வெட்டுவாயில் அழுத்திப் பிடித்து, இரத்தம் நின்றதும் அதன்மேல் வாசலினை அப்புவார். வாத்தியாரோ காதோரம் குனிந்து இரண்டே வார்த்தை சொல்வார், மூன்றாவது வார்த்தை அந்நேரம் அந்தத் தலைக்குள் ஏறாது என்பதை அவர் அறிவார்.

இத்தகைய வாத்திமார்கள் கூடும் இடமாக எட்டாம் அவென்யூவில் ஸ்டில்மன் ஜிம் இருந்தது. அழுக்கும் சுருட்டுப் புகையும் வியர்வை நெடியும் மண்டிய அந்தக் கூடத்தை லீப்ளிங் எட்டாம் அவென்யூப் பல்கலைக்கழகம் என்று பரிகாசமும் பக்தியும் கலந்து அழைத்தார். ஐந்தடி சொச்ச உயரமும், வாலிபத்தில் தாமே பந்தயமாடி முறித்துக்கொண்ட கைகளுமாக, தலையில் உருண்டைத் தொப்பியோடு திரிந்த சார்லி கோல்ட்மன் அந்த வர்க்கத்தைச் சேர்ந்தவர். பிராக்டன் நகரத்துச் செருப்புத் தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவரின் மகன் ராக்கி மார்சியானோ, குட்டைக் கைகளோடும் கட்டுக்கடங்காத கால்களோடும் அவரிடம் வந்தபோது, அந்தக் குட்டைத்தனத்தை மறைக்க முயலாமல், இன்னும் தாழக் குனிந்து நில் என்று கோல்ட்மன் கற்பித்தார்; கால்கள் அகலாதிருக்கக் கயிற்றால் பிணைத்தே பழக்கினார் என்றும் சொல்வார்கள்.

தொலைக்காட்சியின்மேல் லீப்ளிங்குக்கு ஆறாத கோபம். பீரும் சவர பிளேடும் விற்பதற்காகப் பந்தயத்தை வீட்டுக்கே இலவசமாக அனுப்பினால், பேட்டைதோறும் இருந்த சிறு கிளப்புகளுக்கு யார் வருவார்கள், பையன்கள் எங்கே தொழில் கற்பார்கள் என்று கேட்டார். அதோடு, பெட்டியின் முன் உட்கார்ந்து கத்தினால் வீரனுக்கு யோசனை எட்டாதே என்றும் வருந்தினார். நேரில் சென்றபோதெல்லாம் அவர் அப்படிக் கத்தியவர்தாம்!

ஆனால் மூலைக்கும் அப்பால், இருட்டில் நின்றவர்களை அவர் ஒரு புன்னகையோடு கடந்துவிட்டார் என்பது என் மனக்குறை. ஃபிராங்கி கார்போ போன்ற பாதகர்கள் வீரர்களை மறைவில் ஆட்டிவைத்ததை, 'டெய்லி மிரர்' பத்திரிகையின் டான் பார்க்கர் சளைக்காமல் எழுதிவந்தார். 1947-இல் பில்லி ஃபாக்சிடம் வேண்டுமென்றே தோற்றதாகக் குத்துச்சண்டை வீரர் ஜேக் லமோட்டா, 1960-இல் செனட் விசாரணையில் ஒப்புக்கொண்டார். மறு வருஷம் கார்போவுக்கு 25 ஆண்டுச் சிறை. இந்தச் சரித்திரத்துக்கு லீப்ளிங்கின் குத்துச்சண்டைக் கட்டுரைகளைப் புரட்டிப் பயனில்லை.

அக்கட்டுரைகளை நாம் நாடுவது வேறொன்றுக்காக. 1954 செப்டம்பர் 17, மீண்டும் யாங்கீ ஸ்டேடியம். எஸ்ஸர்ட் சார்ல்ஸோடு பொருதுகையில் மார்சியானோவின் மூக்கு நாசித்துவாரத்தருகே இரண்டாகப் பிளந்து, இரத்தம் நிற்காவிட்டால் பந்தயத்தை நிறுத்திவிடுவார்களோ என்னும் நிலைமை. மூலையில் ஃபிரெடி பிரவுன் என்னும் காயவைத்தியர், சுற்றுக்கு ஒரு நிமிஷம் வீதம் அந்த மூக்கோடு போராடினார். எட்டாவது சுற்றில் சார்ல்ஸ் சாய்ந்தார். பதிவேட்டில் அது மார்சியானோவின் 47-ஆவது ஜெயம். பிரவுனின் பெயரை எழுத அதில் கட்டம் கிடையாது.