காகிதத்தைத் தொடாத கேரியர்

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு ஜூலை மாதம். மும்பையில் மழை பிடித்துக்கொண்டு நான்கு நாள் ஆகியிருந்தது. ரயில்வேயில் என் பிரிவில் வேலை பார்த்து, பிறகு காலமாகிவிட்ட ஒரு டிராக்மேனின் மனைவி, குடும்பப் பென்ஷன் காகிதங்களோடு வீட்டுக்கு வந்தார்.

"சார், எத்தனை தடவை ஜெராக்ஸ் குடுத்தாலும் சரியில்லேன்னு திருப்பி அனுப்பிடறாங்க" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். பக்கம் முழுவதும் சாம்பல் தூவியது போல ஒரு மூட்டம். பிறந்த வருடம் 1963 என்பதில் 3-ன் வாய் மூடிக்கொண்டு 8 ஆகியிருந்தது. அசல் பளிச்சென்று இருக்க, நகலில் ஏறிய கரியால் ஒரு குடும்பத்தின் மாத வருமானம் நின்றுபோய்க் கிடந்தது.

அன்றே வேறு கடையில் நல்ல நகல் எடுத்துக் கொடுத்தேன். ஆனாலும் இன்ஜினீயர் மனசு சும்மா இருக்குமா? பழைய கடைக்குப் போய் அந்தப் பையனிடம் கேட்டேன்.

"டோனர் புதுசு அங்கிள், நேத்துதான் போட்டேன்."

"டோனர் இருக்கட்டும். டெவலப்பர் எப்போ மாத்தினே?"

பையன் சிரித்தான். மிஷினை செகண்ட்ஹாண்டில் வாங்கியதிலிருந்து மாற்றியதே இல்லையாம். வியாதி பிடிபட்டது.

வாசகர்களே, ஜெராக்ஸ் என்றால் நமக்கு நினைவு வருவது டோனர் என்னும் கறுப்புத் தூள்தான். அதைச் சுமந்து செல்லும் இன்னொரு தூள் இருக்கிறது. அதன் பெயர் கேரியர். டோனரும் கேரியரும் கலந்ததுதான் டெவலப்பர். சாப்பாட்டு அடுக்கையும் நாம் கேரியர் என்றுதானே சொல்கிறோம்! மும்பை டப்பாவாலா நிறைந்த டப்பாவை ஆபீசில் சேர்த்துவிட்டு, காலி டப்பாவைத் திரும்பக் கொண்டு வருகிறார் அல்லவா? இந்தக் கேரியரும் அப்படித்தான். டோனரை டிரம்மில் இறக்கிவிட்டுப் பெட்டிக்குத் திரும்பி, அடுத்த சுமையை ஏற்றிக்கொள்ளும். காகிதத்தை அது தொடுவதே இல்லை.

இந்த முறையைக் கண்டுபிடித்தவர் அமெரிக்காவின் செஸ்டர் கார்ல்சன். காப்புரிமைப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டு, கையால் நகல் எடுத்துச் சலித்துப் போனவர். 1938 அக்டோபர் 22-ம் தேதி நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில், கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்து மின்னூட்டம் ஏற்றி, லைகோபோடியம் என்னும் செடியின் நுண்தூளைத் தூவி முதல் நகலை எடுத்தார். கேரியர் அப்போது இல்லை, வெறும் தூள்தான். பிறகு ஒஹையோவின் பாட்டல் ஆய்வுக்கூடத்தில்தான் நுண்தூளோடு பெரிய மணிகளைக் கலக்கும் யோசனை பிறந்தது.

ஏன் கலக்க வேண்டும்? தலைமுடியில் தேய்த்த சீப்பு காகிதத் துணுக்கை இழுப்பதைப் பள்ளியில் பார்த்திருப்போம். அதே உராய்வு மின்சாரம்தான். பெட்டிக்குள் கிளறும்போது டோனரும் கேரியரும் உரசி, ஒன்று நேர், மற்றது எதிர் மின்னூட்டம் பெற்று ஒட்டிக்கொள்கின்றன. டிரம்மில் எழுத்து இருக்கும் இடத்து மின்னூட்டம் இன்னும் பலமாக இழுக்கும்போது டோனர் அங்கே தாவுகிறது. டோனரில் மின்னூட்டம் குறைந்துவிட்டால் வெள்ளை இடத்திலும் போய் உட்காரும். மழைக்கால ஈரம் மின்னூட்டத்தைக் கசிய விடும். கேரியர் தேய்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். நம் கடைப் பையன் எழுத்து மங்குகிறதே என்று மேலும் மேலும் டோனர் கொட்டினான். அதனால் ஒவ்வொரு துகளுக்கும் கிடைத்த மின்னூட்டம் இன்னும் குறைந்து, மூட்டம் அதிகமானது.

1959-ல் வந்த ஜெராக்ஸ் 914 மிஷினில் கேரியர் மணிகள் டிரம்மின் மேல் உருண்டு விழுந்தன. எழுத்துகள் நன்றாக வந்தன. பெரிய கறுப்புப் பரப்பின் நடுப்பகுதி வெளிறிப் போனது. இதற்கு மாற்று வழி காந்தம். காந்த உருளையில் இரும்புத் தூள் கேரியர் மயிர்க்கற்றை போல நிமிர்ந்து நின்று, பிரஷ் மாதிரி டிரம்மை மெல்லத் தடவும். ஆர்.சி.ஏ. கம்பெனி 1954-ல் அறிவித்த எலெக்ட்ரோஃபாக்ஸ் முறையிலேயே இந்தக் காந்த பிரஷ் இருந்தது.

ஆனால் இரும்பு கனமானது, அடர்த்தி 7.8. பெட்டிக்குள் ஓயாமல் மோதும்போது டோனர் நசுங்கிக் கேரியரின் மேல் அப்பிக்கொள்ளும். அதன் பிறகு உரசுவது டோனரும் டோனரும்தான். மின்னூட்டம் எங்கிருந்து வரும்? ரயில்வேயில் வேகனின் வெற்று எடையைக் குறைக்க நாங்கள் பட்ட பாடு இங்கேயும் உண்டு. அடுத்து வந்தது ஃபெரைட். நம் பழைய ரேடியோவுக்குள் ஏரியலாக இருந்த கறுப்புக் கம்பி இந்த இனம்தான். ஜப்பானில் காட்டோ, டாக்கேய் இருவரும் 1930-ல் கண்டது. இரும்பு ஆக்சைடோடு மாங்கனீசு, மக்னீசியம் போன்றவற்றின் ஆக்சைடுகளைச் சேர்த்து, சின்ன உருண்டைகளாக்கிச் சூளையில் சுடுகிறார்கள். இதன் அடர்த்தி 5 அளவில். பிசினுக்குள் காந்தத் தூளைக் கலந்து செய்யும் கேரியரோ 4-க்கும் கீழே.

மேலே ஒரு பூச்சும் உண்டு. சிலிக்கோன் அல்லது ஃப்ளூரின் கலந்த பிசின். நான்-ஸ்டிக் தோசைக்கல்லில் மாவு ஒட்டாதது போல டோனர் அப்பாது. பூச்சு மின்சாரத்தை அடியோடு தடுத்தால் கறுப்புப் பரப்பு மீண்டும் வெளிறும். தாராளமாகக் கடத்தினால் மின்னூட்டம் கசியும். ஆகவே அளவாகக் கரித்தூள் சேர்க்கிறார்கள்.

இன்னும் சின்னதாக்கினால் என்ன? விட்டத்தைப் பாதியாக்கினால், அதே எடைக்கு டோனர் ஒட்டும் பரப்பு இரு மடங்கு. ஆனால் ஒவ்வொரு உருண்டையையும் காந்தம் பிடிக்கும் விசை எட்டில் ஒரு பங்காகிவிடும். பிடி விட்ட கேரியர் டிரம்மில் தொற்றிக்கொண்டு போய் அதைக் கீறும். இந்த இழுபறியில்தான் இன்றைய கேரியர் 30 முதல் 50 மைக்ரான் அளவில், அதாவது தலைமுடியின் பருமனுக்கும் சற்றுக் குறைவாக நிற்கிறது. சில பெரிய மிஷின்களில் டோனரோடு சிறிதளவு புதுக் கேரியரும் சேர்ந்தே வரும். பழையது வழிந்து வெளியேறும். சின்ன லேசர் பிரிண்டர்கள் பலவற்றில் கேரியரே கிடையாது.

கடைப் பையனுக்கு இதையெல்லாம் வார்த்தையால் விளக்க முடியவில்லை. அவன் டெவலப்பரைக் கொஞ்சம் காகிதத்தில் கொட்டச் சொல்லி, அடியில் ஒரு காந்தத்தைப் பிடித்தேன். தூள் முள்ளம்பன்றி போல நிமிர்ந்து நின்றது. "இதுவா அங்கிள் உள்ளே ஓடுது?" என்று குனிந்து பார்த்தான். அடுத்த வாரம் புது டெவலப்பர் வாங்கிப் போட்டான்.

அந்த அம்மாளுக்குப் பென்ஷன் வரத் தொடங்க மேலும் இரண்டு மாதம் ஆயிற்று. நமக்கு ஒரு பாடம்: நகல் எடுத்தால் எழுத்தை மட்டும் பார்க்காதீர்கள், காகிதத்தின் வெள்ளை ஓரத்தையும் பாருங்கள். அது சாம்பலாக இருந்தால், டெவலப்பர் மாற்றி எத்தனை நாளாயிற்று என்று கேளுங்கள். முக்கியமாக மழைக்காலத்தில், முக்கியமாகப் பென்ஷன் காகிதத்துக்கு.